கொடும்பாவி கண்ணாடி போட்டிருந்தாள்

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, கேமரா, மைக், எடிட்டிங், தம்ப்நெயில் இதையெல்லாம் ஜமால் உங்களுக்குச் சொல்லித் தருவான். திட்டுவான், ஆனால் ஒழுங்காகச் சொல்லித் தருவான். வீரசோழன் ஊர்க்காரன், வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அவன் வேலையில் பாதிகூடத் தெரியாது. லோக்கல் கேபிள் சேனலில் பிறந்தநாள் வாழ்த்தும் துணிக்கடை விளம்பரமும் வாசித்துக்கொண்டிருந்தவள் நான். கேபிளைப் பார்க்க ஆள் இல்லாமல் போன பிறகு, அருப்புக்கோட்டையில் ஒரு மாடி அறையைப் பிடித்து நாங்கள் இருவரும் இந்த நிகழ்ச்சியை ஆரம்பித்தோம். இந்த வாரம் இணையத்தில் எது ஓடுகிறது, எந்தப் பாட்டுக்கு ஊரே ஆடுகிறது, எந்த நடிகரின் ரசிகர்கள் யாரோடு மல்லுக்கு நிற்கிறார்கள் என்று வெள்ளிக்கிழமைதோறும் பேசுவோம். சென்னையில் உட்கார்ந்து இதைப் பேசுகிறவர்கள் ஆயிரம் பேர். அருப்புக்கோட்டையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் நாங்கள்தான். அதுதான் எங்கள் சரக்கு, அதுதான் எங்கள் திமிரும்.

இப்போது என் தொண்டை போய்விட்டது. பேசவே கூடாது என்கிறார் டாக்டர். பேசாமல் இந்த வேலையில் இருப்பதற்கு, கால் இல்லாமல் நடராஜா சர்வீஸ் நடத்தலாம். ஆகவே கிளம்புகிறேன். கிளம்பும் முன் ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். எத்தனையோ கூத்துகளைப் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருக்கும் நடிகருக்கு இரங்கல் சொன்ன ஊர் இது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமையின் அதிர்ச்சி மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்த வருடம் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. நம் பக்கத்தில் புழுதியிலேயே விதைத்துவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மக்காச்சோளமும் உளுந்தும் காய்ந்த மண்ணுக்குள் கிடக்கும். மழை தள்ளிப்போனால் எறும்பு தின்றது போக மிச்சம்தான். ஊரில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த நேரம்.

காலையில் அலுவலகத்துக்கு வந்தால் எங்கள் பெட்டியில் மெசேஜ் குவிந்து கிடக்கிறது. எல்லாம் ஒரே வீடியோ. ஒரு கிராமத்துத் தெரு. சேலை கட்டிய ஓர் உருவத்தைக் காலில் கயிறு கட்டித் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறார்கள். பின்னால் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். முன்னால் ஒருவன் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு கொள்ளிச்சட்டி ஏந்திப் போகிறான். ஆடி ஆடி எடுத்த செல்போன் படம், அரை நிமிடம் இருக்கும். மேலே எவனோ பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான்: ‘பெண்ணைக் கொன்று தெருவில் இழுத்துச் செல்லும் தமிழ்நாட்டுக் கிராமம்.’ அவ்வளவுதான். இந்தியில் போய், இங்கிலீஷில் போய், ஒரு சினிமாக்காரர் கண்ணீர் விட்டு, அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் கண்ணீர் விட்டு, காலை டீ குடிக்கிற நேரத்துக்குள் ஹேஷ்டேக் ஆகிவிட்டது.

நானும் ஜமாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். எங்கள் பக்கத்துப் பச்சைப்பிள்ளை சொல்லும், அது கொடும்பாவி என்று. மழை பொய்த்தால் வைக்கோலில் ஒரு பொம்பளைப் பொம்மை கட்டி, சேலை சுற்றித் தெருத்தெருவாக இழுப்பார்கள். ஊரில் எங்கோ ஒரு மகாபாவி இருக்கிறாள், அவளால்தான் மழை மறைந்து நிற்கிறது, அவள் செத்தால் பெய்யும் என்பது கணக்கு. பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். ஒருவன் மொட்டை போட்டுக் கொள்ளி வைப்பான். கண்மாயில் கொண்டுபோய் எரித்துவிட்டுக் குளித்துவிட்டு வருவார்கள். அந்தப் பாவிக்குப் பெயர் கிடையாது. யாரையும் சுட்டாத வரைக்கும்தான் அது சடங்கு. சின்ன வயதில் நானே அதன் பின்னால் ஓடியிருக்கிறேன்.

“அக்கா, இன்னிக்கு நம்ம நாளு. மெட்ராஸ்காரங்களுக்கு இது என்னன்னே தெரியாது. நாமதான் முதல்ல சொல்லணும்,” என்றான் ஜமால்.

எனக்கும் கை துறுதுறுவென்று வந்தது. உட்கார்ந்தேன், விளக்கைப் போட்டான், பேசினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாகப் பேசியதே இல்லை. “அட, விவரங்கெட்டவங்களா! அது வைக்கோலு. வைக்கோலுக்கா நீதி கேக்குறீங்க? அப்ப எங்க ஊரு மாடு தினமும் கொலை பண்ணுதே, அதைப் பிடிச்சு உள்ள போடுங்க!” கேமராவுக்குப் பின்னால் ஜமால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். வெளியூர்க்காரர்களை இந்த வாங்கு வாங்குவது போல் சுகம் வேறு எதுவும் இல்லை. முடித்துவிட்டு, தெருமுனைக் கடையில் டீ சொன்னேன்.

டீ வந்தது. ஜமால் குடிக்கவில்லை. வீடியோவின் முகப்பில் வைக்கும் தம்ப்நெயிலுக்காகப் படத்தை நிறுத்திப் பெரிதாக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே இருந்தான்.

“என்னலே, ஏத்தியாச்சா?”

“இல்லக்கா. இங்கிட்டு வாங்களேன்.”

போய்ப் பார்த்தேன். இழுபட்டதில் கொடும்பாவியின் முகம் மேலே திரும்பியிருந்த ஒரு நொடியை நிறுத்தி வைத்திருந்தான். மஞ்சள் ஃபிரேம் போட்ட பெரிய கூலிங்கிளாஸ். வைக்கோல் முகத்தில் அதை மாட்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

“தவமணி கண்ணாடி மாதிரி இல்ல?” என்றான்.

தவமணியை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பரளச்சிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகிச் சில வருடம், பிள்ளை இல்லை. பாலவனத்தம் ரோட்டில் ஒரு தையல் யூனிட்டில் வேலை. லீவு நாளில் காட்டில் நின்றுகொண்டு, புதுப்படத்தில் கதாநாயகி போட்டுவரும் உடையை எல்லாம் அலசுவாள். ‘இதைப் போட்டுக்கிட்டுக் களை எடுக்க முடியுமா?’ என்பதுதான் அவள் கேள்வி. மஞ்சள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தில் வந்த உடை மாதிரியே பழைய துணியில் தைத்துப் போட்டு, குனிந்து களை எடுத்துக் காட்டி, “முடியலை தாயி, முதுகு தெரியுது. அஞ்சுக்கு ரெண்டு மார்க்கு,” என்பாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். எங்கள் நிகழ்ச்சியில் அவளைக் காட்டியிருக்கிறோம். போனில் கூப்பிட்டு, “அக்கா, எங்க ஊரு டீக்கடையில எல்லாரும் பாத்தாகளாம்க்கா,” என்று பூரித்துப் போனாள்.

கடைசியாக அவள் போட்ட வீடியோவில் மட்டும் சினிமா இல்லை. கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் நின்றுகொண்டு, “மழை பெய்யல மழை பெய்யலன்னு மானத்தைப் பாக்குறாக. பெஞ்சா தண்ணி எது வழியா வரும்? இங்கன பூராம் வேலி போட்டு வச்சிருக்காகளே, அவுகளைக் கேளுங்க,” என்றாள். வேலி போட்டவர்கள் ஊரில் பெரிய ஆட்கள்.

“மஞ்சக் கண்ணாடி திருவிழாக் கடையில எங்கன பாத்தாலும் கிடக்கும்க்கா,” என்றான் ஜமால், தனக்குத்தானே சமாதானம் சொல்வது போல.

“இன்னும் பெருசாக்கு.”

பெரிதாக்கினான். கண்ணாடியின் இடது காது ஒடிந்து, சிவப்பு நூல் சுற்றிக் கட்டியிருந்தது. அந்த நூலைத் தவமணி ஒரு வீடியோவில் காட்டிச் சிரித்திருக்கிறாள், ‘டெய்லரு கண்ணாடின்னா இப்படித்தான் இருக்கும்’ என்று. அது அவள் கண்ணாடி மாதிரி இல்லை. அவள் கண்ணாடியேதான். தெருவில் எவனோ பொம்மைக்கு அவள் பெயரை வைத்துவிட்டான் என்றால்கூடப் புரியும். வீட்டுக்குள் இருக்கும் கண்ணாடி எப்படி வெளியே வந்தது?

போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். திரும்பப் போட்டேன். அதே குரல்தான் சொன்னது.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். எடுத்து முடித்த எபிசோடு கையில் இருக்கிறது. ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அதில் நான் சொன்னது எதுவும் பொய் இல்லை. அது கொடும்பாவிதான், வைக்கோல்தான், யாரும் சாகவில்லைதான். எல்லாம் உண்மை. ஆனால் அதை வெளியிட்டால், அந்தத் தெருவில் எதுவுமே நடக்கவில்லை என்று ஊர் உலகத்துக்கு நானே சாட்சி சொன்னதாக ஆகிவிடும். அதுவும் சிரித்துக்கொண்டே. எவ்வளவு பெரிய பள்ளத்துக்குள் விழப் பார்த்தோம் என்று நினைத்தால் இன்றைக்கும் தூக்கிவாரிப் போடுகிறது. வெளியூர்க்காரன் ஒன்றும் தெரியாமல் தப்பாகச் சொன்னான். நான் எல்லாம் தெரிந்ததால் தப்பாகச் சொல்லப் பார்த்தேன்.

ஜமால் வேறு வழி யோசித்தான். “அப்ப நடந்ததையே சொல்லிருவோம்க்கா. கண்ணாடியைப் பெருசாக் காட்டுவோம். தவமணியோட பழைய வீடியோவைப் பக்கத்துல போடுவோம். இன்னும் நல்லா ஓடும்.”

“ஓடும்லே. ரொம்ப நல்லா ஓடும். கொடும்பாவி யாருன்னு இப்ப அந்த ஊருக்கு மட்டும் தெரியும். நாளைக்கு நாம தமிழ்நாடு பூராவுக்கும் தண்டோராப் போட்டுருவோம். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“போனு எடுக்கலையே.”

“கால் இருக்குல்ல. கிளம்பு.”

ஜமாலின் பழைய காரில் திருச்சுழி ரோட்டைப் பிடித்தோம். வழியெல்லாம் அவன் போன் கத்திக்கொண்டே இருந்தது. ‘எபிசோடு எப்போ, எபிசோடு எப்போ’ என்று. எனக்குக் கெட்ட நினைப்பாகவே வந்தது. சுவிட்ச் ஆஃப் ஆன போனுக்கு என்னென்ன அர்த்தமோ எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு போனேன்.

ஊர் எல்லையில் டீக்கடை. ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கார் நின்றதும், நடுவில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். வெள்ளை வேட்டி, நல்ல கம்பீரமான ஆள்.

“வாங்க தாயி, வாங்க. உங்களைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தோம்,” என்றார்.

அந்த வரவேற்பை நான் எதிர்பார்க்கவில்லை. பெஞ்சில் இடம் ஒதுக்கினார்கள். கேட்காமலேயே கலர் சோடா உடைத்துக் கையில் கொடுத்தார்கள். போலீஸ் காலையிலேயே வந்துவிட்டுப் போனதாம். கண்மாய்க்குள் சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, வைக்கோல்தான் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்களாம்.

“ஆனாலும் ஊரு மானம் போகுது பாருங்க. எவனோ ஒரு சின்னப்பய எடுத்து விட்டுட்டான். நீங்க சொன்னா நாலு சனம் கேக்கும். வெறும் வைக்கப்பொம்மைதான், காலங்காலமா நடக்குறதுதான்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிருங்க தாயி. போதும்.”

காலையில் நான் பேசி வைத்திருந்ததை அச்சுப் பிசகாமல் அவர் என்னிடம் கேட்டார். கலர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டேன்.

“சொல்றேன் ஐயா. பொம்மைக்குப் போட்டிருந்த கண்ணாடி யாருது?”

ஒருவர் ரோட்டைப் பார்த்தார். ஒருவர் டீக் கிளாஸைப் பார்த்தார்.

“அது... சின்னப்பயலுக விளையாட்டு,” என்றார் பெரியவர்.

“தவமணி வீடு எங்க இருக்கு?”

“அவளை எதுக்குப் பாக்கணும்? அவளுக்கு மேலுக்குச் சரியில்ல. டவுனுக்குப் போயிருக்கா.”

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். வீட்டில் உடம்புக்கு முடியாமல் கிடப்பவள் டவுனுக்கு எப்படிப் போவாள்? நான் எழுந்தேன். யாரும் வழி சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே திசையை மட்டும் பார்க்காமல் இருந்தார்கள். அந்தத் திசையில் நடந்தோம். ஓட்டு வீட்டு வாசலில், வேப்பமரத்து நிழலில் ஒரு தையல் மெஷினைக் கண்டதும் தெரிந்துவிட்டது.

கதவைத் தட்டினேன். தவமணியின் புருசன்தான் திறந்தான். அவனை நான் முன்பின் பார்த்ததில்லை, அவள் சொல்லித்தான் தெரியும். மெலிந்த ஆள். தலை மொட்டை. நேற்று மழித்த மொட்டை. கன்னமும் கழுத்தும் வெயிலில் கறுத்திருக்க, மண்டை மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

உங்களிடம் எப்படிச் சொல்வேன்? வீடியோவில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு கொள்ளிச்சட்டி ஏந்திப் போனவன் யார் என்று காலையில் இருந்து நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. பக்கத்தில் ஜமால் “யா அல்லாஹ்” என்று முனகியது கேட்டது. எத்தனை வருடமாக அடுத்தவர் வீட்டு அதிர்ச்சியை விற்றுப் பிழைத்தவள் நான். ‘பார்த்தால் உறைந்து போவீர்கள்’ என்று வாராவாரம் தலைப்புப் போட்டவள். உறைவது என்றால் என்ன என்று அந்த வாசலில்தான் தெரிந்தது.

“தவமணி இருக்காளா?”

“இல்ல, டவுனுக்கு...” என்று அவன் ஆரம்பிக்கும்போதே உள்ளிருந்து குரல் வந்தது.

“இருக்கேன்க்கா. இங்கதான் இருக்கேன்.”

உயிரோடு இருக்கிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

“நீ திறக்கிறியா, நான் திறக்கட்டுமா?” என்றேன். அவன் மறுக்கவில்லை. பெரிய சண்டை வரும் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றவள் நான். அவனோ போய்ப் பேசாமல் தாழ்ப்பாளை எடுத்தான். அதைப் பார்க்கத்தான் இன்னும் கூசியது.

வெளியே வந்தாள். தலை கலைந்திருந்தது. போனை நேற்றே வாங்கி ஒளித்து வைத்துவிட்டார்களாம்.

“உனக்குத் தெரியுமா தாயி, நேத்து நடந்தது?”

“பாக்கலக்கா. கேட்டேன். தெருவுல இழுத்துட்டுப் போகையில எம்பேரச் சொல்லித்தான் அழுதாக. உள்ள இருந்து கேட்டேன்.” குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “கண்ணாடியைத் தேடுனேன். பெட்டியில இல்ல. அப்பத்தான் விளங்குச்சு.”

நான் அவனைப் பார்த்தேன். “எதுக்குய்யா குடுத்த?”

“எல்லாருமா வந்து நின்னு கேட்டாக. குடுக்கலைன்னா ஊருக்குள்ள நாளைக்கு எனக்கு யாரு நிப்பா? சும்மா பொம்மைக்குத்தானன்னு குடுத்தேன்.”

“மொட்டை?”

அவன் தலையைத் தடவிக்கொண்டான். “முறைப்படி நான்தான் கொள்ளி வைக்கணும்னு சொல்லிட்டாக.”

முறைப்படி! பெயர் இல்லாத பாவிக்கு முறை ஏது? பாவிக்குப் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததும் உறவு வந்துவிட்டது. உறவு வந்ததும் புருசன் வந்து நிற்க வேண்டியதாகிவிட்டது. எவ்வளவு கச்சிதமாக யோசித்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் விக்கித்துப் போனேன். இதில் ஒருவர்கூடக் கோபத்தில் செய்யவில்லை. உட்கார்ந்து, பேசி, டீ குடித்து, ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

அப்போதுதான் காற்று மாறியது.

நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காற்றைச் சொல்லித் தர வேண்டாம். வாசலில் கிடந்த சருகு சுழன்றது. மண் வாசம் முதலில் வந்தது. தெருவில் ஒருத்தி, “ஏ, வடக்க கறுத்துருச்சு!” என்று கத்தினாள். நானும் கரிசல் காட்டில் பிறந்தவள். மழை என்றால் எங்கள் வீட்டில் அடுப்பில் வைத்ததைக்கூட அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவோம். அப்படிப்பட்ட நான் அன்று நெஞ்சுக்குள், ‘வேண்டாம், இன்னிக்கு வேண்டாம், நாளைக்குப் பெய்’ என்று கும்பிட்டேன். மழை வராதே என்று நான் வேண்டியது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். இன்று பெய்தால் இவள்தான் பாவி என்று ஆகிவிடும். பிறகு எந்தச் சேனலும், எந்த எபிசோடும் அதை மாற்ற முடியாது.

பெய்தது. சடசடவென்று ஓட்டில் விழுந்து, பிறகு கொட்டியது. தெருவெல்லாம் ஆட்கள். டீக்கடைக் கூட்டம் அப்படியே நனைந்துகொண்டு வந்துவிட்டது. “பாத்தீகளா! எரிச்ச மறுநாளே!” என்று ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு கத்தினார். பெரியவர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். அவ்வளவு சந்தோஷமான முகங்களை நான் பார்த்ததில்லை. அத்தனை முகமும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்த வாசல் பக்கம் திரும்பிவிட்டுப் போனது.

தவமணி என்னைத் தாண்டி இறங்கினாள். பிடிக்கப் போனேன், கையை எடுத்துவிட்டாள். நேராகத் தெரு நடுவுக்குப் போய் மழையில் நின்றாள். ஜமால் போனை எடுத்தான். எடுத்தவன் அவளைப் பார்த்தான். என்னை இல்லை, அவளை. “எடுங்கண்ணே,” என்றாள். குலவை நின்றது.

“பெரியப்பா,” என்று பெரியவரைக் கூப்பிட்டாள். “நான் செத்தாத்தான மழை பெய்யும்னு இழுத்தீக?”

அவர் வானத்தைப் பார்த்தார்.

“நான் சாகலையே. இந்தா, நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன். மழையும் பெய்யுது. இப்பச் சொல்லுங்க, அப்ப யாரு பெரியப்பா பாவி?”

அந்தக் கூட்டத்தில் யாராவது கத்துவார்கள், அடிக்க வருவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: “உள்ள போ தாயி. காய்ச்சல் வந்துரும்.”

நான் அதிர்ந்து போய் நின்றேன். நேற்று எரித்த பெண்ணுக்கு இன்று காய்ச்சல் வந்துவிடக் கூடாதாம். அந்த அக்கறை நடிப்பும் இல்லை. அவர் மனதாரத்தான் சொன்னார்.

தவமணி திரும்பினாள். புருசன் வாசற்படியில் நின்றிருந்தான், மொட்டைத் தலையில் தண்ணீர் வழிய. அதுவரை அவள் அவனை ‘அவுக’ என்று சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன்.

“கொள்ளி வச்சுட்டீல்ல நீ?” என்றாள். “செத்தவ வந்து இனி உனக்குச் சோறாக்க மாட்டா.”

உள்ளே போய் ஒரு கட்டைப்பையோடு வந்தாள். காருக்கு நடந்தாள். வழி விட்டார்கள்.

அந்த எபிசோடு என்ன ஆனது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைத்தான் கேட்பீர்கள். ஜமால் எடுத்ததை அன்றே போட்டிருந்தால் நம் பெயர் எங்கேயோ போயிருக்கும். காரில் ஏறும்போதே, “போட்டுருங்கக்கா,” என்று தவமணியே சொல்லிவிட்டாள். நான் மாட்டேன் என்றேன். நனைந்து நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருத்தி சொல்லும் சம்மதம் சம்மதம் ஆகாது. அவள் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், காய்ந்த துணி கட்டிக்கொண்டு தன்னைத் தானே ஒரு தடவை திரையில் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு சொன்னால் கேட்டுக்கொள்வேன். அதற்குள் மெட்ராஸ் சேனல் ஒன்று முந்திக்கொண்டது. ‘அட, அது வைக்கோல்தான்!’ என்று, கிட்டத்தட்ட நான் காலையில் பேசி, ஏற்றாமல் தூக்கிப் போட்ட அதே பேச்சு. உலகமே சிரித்துவிட்டு ஒரு நடிகையின் நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டது. மறுநாள் என் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் தவமணி பார்த்தாள். “பேரோட போடுங்க. மூஞ்சியை மறைக்காதீக. ஊருப் பேரு மட்டும் வேணாம். அங்கருந்து பொம்பளைப் பிள்ளைக தையலுக்கு வருதுக, அதுகளை வீட்டுல நிறுத்திருவாக,” என்றாள். அப்படியே போட்டோம். பார்த்தவர்கள் குறைவு. அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஜமாலுக்கு உண்டு, கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு வீடியோ வரும். பார்த்தவுடன் ‘இது எனக்குத் தெரியுமே’ என்று துள்ளுவீர்கள். அந்தத் துள்ளல் வரும்போது எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள். வீடியோவில் இருப்பவரோடு பேசிவிட்டு, பிறகு வீடியோவைப் பற்றிப் பேசுங்கள். முந்துவது எல்லோருக்கும் முடியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது இந்தப் புத்திமதி இல்லை. காரில் நடந்ததுதான்.

மழை விடாமல் அடித்தது. வைப்பர் வேலை செய்யாமல், ஜமால் ஒரு கையை வெளியே விட்டுத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டினான். தவமணி பின்னால் என் பக்கத்தில் இருந்தாள். என் முந்தானையால் அவள் தலையைத் துவட்டிவிட்டேன். பரளச்சி தாண்டியதும், “அக்கா, அந்த வீடியோவைக் காட்டுங்க,” என்றாள்.

“வேண்டாம்டி.”

“சத்தம் மட்டுந்தானக்கா கேட்டேன். பாக்கணும்.”

கொடுத்தேன். பார்த்தாள். முடிந்ததும் திரும்பவும் முதலில் இருந்து பார்த்தாள். இழுத்துக்கொண்டு போகிறவர்களை அவள் பார்க்கவில்லை. பொம்மையைப் பார்க்கவில்லை, புருசனையும் பார்க்கவில்லை. பின்னால் மாரில் அடித்துக்கொண்டு வரும் பெண்களைப் பெரிதாக்கி, ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள்.

“இது எங்க அத்தை. இது எதுத்த வீட்டு மதினி. இவுக கடைக்கோடி வீடு. எப்படி அழுகுறாக பாருங்கக்கா. நெசம்மாவே கண்ணீர் வருது.”

போனை வாங்கப் போனேன், அவள் விடவில்லை.

“எங்க அத்தைக்குப் பாருங்க, சீலை அவுந்தது கூடத் தெரியல.” அவள் முகத்தில் ஒரு பூரிப்பு வந்தது. “எனக்காக இம்புட்டுப் பேரு அழுதிருக்காக. உசுரோட இருந்தப்ப இதுல ஒருத்தி எனக்கு முகங்குடுத்துப் பேசுனதில்லக்கா.”

“ஏடி, நீ உசுரோடதான்டி இருக்க!” என்று கத்திவிட்டேன். ஜமால் பிரேக்கைப் போட்டுவிட்டான்.

அவள் போனில் இருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“ஆமால்ல?” என்றாள்.